‘சீசன்’: குற்றால வழக்கும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

‘சீசன்’ என்னும் ஆங்கிலச் சொல் விதைப்பைக் குறித்த இலத்தீன் மூலத்திலிருந்து வந்தது. பருவம், கனிக்காலம், விளையாட்டுத் தொடர் ஆகிய அதன் பொருள்களை இந்தோனேசிய மொழி ‘மூசிம்’ என்னும் ஒரே சொல்லால் பெயர்க்கிறது. அச்சொல்லுக்கும் ‘மான்சூன்’ என்பதற்கும் அரபு மூலம் ஒன்றே.

தென்காசி, குற்றால வழக்கில் அடையின்றி வரும் ‘சீசன்’, தென்மேற்குப் பருவக்காற்றால் சூன் முதல் செப்டம்பர் வரை சாரலும் அருவிநீரும் ஒருங்கே அமையும் நிலையைச் சுட்டுகிறது. கார்த்திகை, மார்கழியில் அருவிகளுக்கு வரும் பக்தர் கூட்டத்தைக் குறிக்க ‘ஐயப்ப சீசன்’ என அடை வேண்டும். ஆகவே ‘சீசன் தொடங்கிவிட்டது’ என்பதைப் ‘பருவம் தொடங்கியது’ எனப் பெயர்த்தால் மாதம் நிற்கும்; சாரல் மறையும். வட்டார அகராதிகள் இதனைத் தனிப்பொருளாகப் பதிவுசெய்தல் வேண்டும்.