பின்பனியில் கவாத்து, மழையில் நடவு

குளிர் மிகுந்த நாடுகளில் பனிக்காலத்தின் பிற்பகுதியில் பழமரங்களைக் கவாத்துச் செய்வர். கன்றுகளையும் அப்போதே நடுவர். ஆங்குள்ள ஆப்பிள், பேரி முதலிய மரங்கள் இலையுதிர்த்து உறங்கும் காலம் அது. இலையற்ற கன்றுக்கு நீர்ச் செலவு மிகக் குறைவு. ஆதலின் வேரைப் பெயர்த்து நட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.

கொல்லிமலையில், எடப்புளி நாட்டுக் குடியானவர்கள் இம்முறையை அப்படியே பின்பற்றலாமா? கூடாது. நம் மலை கடல் மட்டத்திற்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுடையதாயினும், இங்கு விளையும் கொய்யா, ஆரஞ்சு, பலா ஆகியவை என்றும் பசுமையானவை. மாசியில் நட்ட கன்றின் இலைகள் நீரை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும், மழையோ இராது. வேர் ஊன்றுமுன் கன்று கருகும். வாங்கிய பணமும் ஓராண்டு உழைப்பும் வீணாகும். ஆகவே, மாசியில் கவாத்து, மழையில் நடவு என்பதே நமக்கேற்ற முறையாகும்.

கவாத்துக்குரிய மரங்கள்

கொய்யா புதுத் தளிர்களிலேயே பூக்கும். ஆதலால் சென்ற பருவத்துக் கிளைகளின் நுனியை 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை மாசி, பங்குனியில் வெட்டிவிட்டால் பக்கத் தளிர்கள் பெருகும். காய்ப்புக் குன்றிய, ஆனால் நோயற்ற முதிய மரத்தைத் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிப் புதுப்பிக்கலாம். வெட்டிய மரம் உடனே பலன் தராது. எனவே தோப்பு முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டாமல், சில மரங்களாகப் புதுப்பித்தல் நன்று.

ஆரஞ்சில் காய்ந்த கிளைகள், நோயுற்ற கிளைகள், நேரே விரைந்தோங்கும் போத்துகள், ஒட்டுக்குக் கீழே கிளைத்த தளிர்கள் ஆகியவற்றை நீக்கினால் போதும். புல்லுருவி பற்றியிருப்பின் அதனை மட்டும் பறித்தல் பயன்படாது. அது பற்றிய இடத்திற்குச் சற்றுக் கீழே கிளையையே வெட்டுக.

பூத்து நிற்கும் மாவையும், பிஞ்சு பிடித்த பலாவையும் இப்போது வெட்டலாகாது. அவற்றுக்கு அறுவடைக்குப் பின்னரே கவாத்து.

வெட்டும் முறை

பெருங்கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் அது முறிந்து, பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். முதலில் அடிப்புறம் சிறிது அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேற்புறம் அறுத்துக் கிளையை வீழ்த்துக. எஞ்சிய கட்டையைப் பின்னர் அடிமரத்தருகே அறுக்கவும். காயத்தில் போர்டோ பசை பூசுக. மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம் ஆகியவற்றைத் தனித்தனியே அரை லிட்டர் நீரில் மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, பின் ஒன்றாகக் கலந்தால் பசை ஆயத்தமாகும். இரும்புப் பாத்திரம் உதவாது.

நடவு

கோடையிலேயே குழி வெட்டி வெயிலில் ஆறவிடுக. மேல்மண்ணுடன் 10 கிலோ மட்கிய தொழு உரம் கலந்து நிரப்புக. ஆடியில் வல்வில் ஓரி விழா நடைபெறும் நாட்களை ஒட்டி, மண் நன்கு நனைந்திருப்பின் நடலாம். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருத்தல் அவசியம். சரிவு நிலத்தில் கன்றின் கீழ்ப்புறம் பிறை வடிவில் வரப்பு அமைத்தால் மழைநீர் தங்கும், மேல்மண்ணும் கரையாது.

அரிவாளைத் தீட்டும் மாதம் வேறு, கன்றை நடும் மாதம் வேறு. இதை நினைவிற்கொள்ளும் குடியானவரின் தோப்பில் கன்று வாடாது. பழைய மரமும் பலன் தரும்.