சொல்லும் பொருளும்: விஞ்ஞானி கூறும் 'கடவுள்'

திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றங்கரையில் எழுந்தருளியுள்ள சிவபெருமானுக்குச் சத்தியவாகீசுவரர் என்பது திருநாமம். வாக்குக்கு ஈசன் வாகீசன். உண்மை வாக்குக்கு ஈசன் சத்தியவாகீசன். தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அக்கிரகாரங்கள் உள்ள பகுதி அது. 'கரமனை ஆற்றில் அக்கிரகாரம் இருக்கிறது' என்று ஒருவர் கூறினால், வீடுகள் தண்ணீருக்குள் நிற்பதாக எவரும் எண்ணுவதில்லை. ஆற்றின் கரையில் என்றே கொள்கின்றனர். வேதாந்த பாடங்களில் கங்கையை வைத்துச் சொல்லப்படும் பழைய உதாரணம்தான் இது. சொல்லின் நேர்ப்பொருள் வாச்சியார்த்தம். அது பொருந்தாதபோது கொள்ளப்படும் குறிப்புப் பொருள் லக்ஷ்யார்த்தம்.

விஞ்ஞானிகள் 'கடவுள்' என்று கூறும்போது இந்தப் பாகுபாடு மிகவும் தேவைப்படுகிறது. 'ஐன்ஸ்டீனே கடவுளை ஒப்புக்கொண்டுவிட்டார்' என்று ஆன்மிக மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவர் எதை ஒப்புக்கொண்டார் என்று விசாரிப்பவர் குறைவு.

குவாண்டம் கொள்கை இயற்கையின் அடித்தளத்திலேயே தற்செயலுக்கு இடமளித்தது. அதை ஏற்க மனமின்றி, கடவுள் பகடை ஆடுபவர் அல்லர் என்ற கருத்தை ஐன்ஸ்டீன் 1926-ஆம் ஆண்டு மாக்ஸ் பார்னுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். அங்கே பேசப்படுவது பௌதிகம், பக்தி அன்று. 1929-இல் நியூயார்க்கைச் சேர்ந்த யூத மதகுரு ஒருவர், கடவுளை நம்புகிறீர்களா என்று தந்தி அனுப்பிக் கேட்டார். உலகின் ஒழுங்கான இசைவில் வெளிப்படும் ஸ்பினோஸாவின் கடவுளை நம்புவதாகவும், மனிதரின் விதியிலும் செயலிலும் தலையிடும் கடவுளை நம்பவில்லை என்றும் பதில் வந்தது. அந்த ஸ்பினோஸாவோ, தம் கருத்துகளுக்காக 1656-இல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகத்தால் விலக்கி வைக்கப்பட்டவர். 1954-இல் எழுதிய ஒரு கடிதத்தில் ஐன்ஸ்டீன் இன்னும் கடுமையாகவே பேசினார். கடவுள் என்னும் சொல் மனித பலவீனத்தின் வெளிப்பாடே என்றார். ஆனால் நாத்திகர் தம்மைச் சாட்சிக்கு அழைத்தபோதும் அவர் சினந்தார் என்பதை மறக்கலாகாது.

'அந்தத் தேவதத்தனே இவன்' என்னும் வாக்கியத்தில் அன்றைய இடத்தையும் காலத்தையும் நீக்கி, ஆளை மட்டும் கொள்கிறோம். ஒரு பகுதியை விட்டு ஒரு பகுதியைக் கொள்ளும் இம்முறைக்கு ஜஹதஜஹல் லக்ஷணை என்று பெயர். ஐன்ஸ்டீனின் சொல்லும் இவ்வகையே. அருள்புரிபவர், தண்டிப்பவர், பிரார்த்தனையைக் கேட்பவர் என்ற பொருள்கள் நீங்க, அறிவுக்கு எட்டும் ஒழுங்கு என்பது மட்டும் நின்றது.

ஸ்டீபன் ஹாக்கிங்கின் சொல்லில் அவ்வளவும் எஞ்சவில்லை. 1988-இல் வெளிவந்த 'காலத்தின் சுருக்கமான வரலாறு' நூலை இறைவனின் மனத்தை அறிதல் என்ற குறிப்போடு முடித்தார் அவர். பலர் அதைப் பிடித்துக்கொண்டனர். 2010-இல் வேறொருவருடன் சேர்ந்து எழுதிய நூலில், பிரபஞ்சத் தோற்றத்தை விளக்கக் கடவுள் தேவையில்லை என்று வெளிப்படையாகவே கூறினார்.

'கடவுள் துகள்' என்பது இன்னும் மெலிந்த வழக்கு. 1993-இல் லியோன் லெடர்மன் தம் நூலுக்கு இட்ட தலைப்பு அது. பீட்டர் ஹிக்ஸுக்கே அப்பெயர் பிடிக்கவில்லை. 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகம் அத்துகளின் கண்டுபிடிப்பை அறிவித்தபோது, கடவுளையே கண்டுவிட்டதுபோல் நம் நாளிதழ்கள் எழுதின! ஹிக்ஸ் புலம் அடிப்படைத் துகள்களுக்கு நிறை தருகிறது. அதற்கும் இறைவனுக்கும் தலைப்பைத் தவிர வேறு தொடர்பில்லை.

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1960-களில் ஒரு தேவாலயக் கட்டடம் ராக்கெட் தளத்தின் அலுவலகமாயிற்று. கட்டடம் பழையது, உள்ளே நடந்த வேலை புதியது. சொற்களுக்கும் இவ்வாறு நேர்வதுண்டு.

எல்லா விஞ்ஞானிகளும் உவமையாகவே பேசினர் என்று கொள்வதும் பிழை. எர்வின் ஷ்ரோடிங்கர் 1944-இல் வெளியிட்ட 'உயிர் என்றால் என்ன' நூலின் பின்னுரையில் உபநிஷதங்களின் ஆத்ம-பிரம்ம ஐக்கியத்தைச் சுட்டியபோது அதை மெய்யென்றே கருதிச் சுட்டினார். அணுவை ஆராய்ந்து கண்ட முடிவாக அன்று; தம் தத்துவ நிலையாக.

1979-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு அப்துஸ் ஸலாம், ஸ்டீவன் வைன்பெர்க், ஷெல்டன் கிளாஷோ ஆகிய மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. விருந்து உரையில் ஸலாம், படைப்பில் குறையே காண இயலாது என்னும் பொருளுடைய குர்ஆன் வசனங்களை எடுத்தோதினார். அவருக்கு அச்சொல் வாச்சியார்த்தம்; ஐயமற்ற நம்பிக்கை. வைன்பெர்க்கோ நாத்திகர். இயற்கை விதிகளுக்கே கடவுள் என்று பெயரிடுவதானால் அச்சொல் எதற்கு, அக்கறையுள்ள ஒரு கடவுளைக் குறிக்கவே அதைப் பயன்படுத்தவேண்டும் என்று அவர் 1992-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இவ்விடத்தில் பக்தருக்கு நேர்மை செய்தவர் அந்த நாத்திகரே. மின்காந்த விசையையும் மென்விசையையும் இணைத்து இருவரும் தனித்தனியே கண்ட கொள்கை ஒன்றே. 1983-இல் செர்ன் ஆய்வகத்தில் டபிள்யூ, இஸட் துகள்கள் பிடிபட்டபோது, அவை இருவர் கணக்குக்கும் ஒன்றுபோலவே பொருந்தின.