ஈரக் காலையில் திணறும் பெற்றோல் கார்: ஸ்பார்க் பிளக், வயர் பழுதுகளைக் கண்டறியும் முறை

டென்மார்க்கின் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் இரவு முழுவதும் வெளியே நிற்கும் பழைய பெற்றோல் கார், காலையில் தடுமாறி இயங்கக்கூடும். உடனே பல பாகங்களை மாற்றுவது வீண்செலவாகலாம். பழுது எங்குள்ளது என்பதை முதலில் அறிதல் நன்று.

பழுது ஏற்படும் விதம்

காரின் பற்றரி தருவது 12 வோல்ற். அதனைக் கொயில் 20,000 வோல்ற்றுக்கும் மேலாக உயர்த்துகின்றது. வயர் அம்மின்சாரத்தை ஸ்பார்க் பிளக்கிற்குக் கொண்டுசெல்ல, அதன் முனையிலுள்ள ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் தீப்பொறி பாய்கின்றது. வயரின் உறை வெடித்திருந்தால், ஈரமான வேளையில் மின்சாரம் அவ்வெடிப்பின் வழியே எஞ்சினின் உடலுக்குத் தாவிவிடும். அந்தச் சிலிண்டரில் பெற்றோல் எரியாது. ஆகவே காலையில் திணறி, உலர்ந்த பின் சீராகும் காரில் வயரையே முதலில் ஐயுற வேண்டும். ஈரமாயினும் உலர்வாயினும் ஒரே விதமாகத் திணறினால் பிளக் அல்லது கொயில் பழுதாக இருக்கலாம்.

புதிய கார்கள் பலவற்றில் வயர் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு கொயில் உண்டு. டீசல், மின்சாரக் கார்களில் ஸ்பார்க் பிளக் இல்லை.

முக்கிய எச்சரிக்கை

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்த வேண்டும். எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள கற்றலைசேற்றருக்குச் சென்று அங்கே எரிந்து, அதனை அளவுமீறிச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அதன் விலை ஒரு பிளக்கின் விலையைப் போலப் பல மடங்காகும்.

சோதிக்கும் படிகள்

1. பழுதுக் குறியீட்டைக் கருவியால் வாசித்தல். ஐரோப்பாவில் 2001 முதல் விற்பனையான புதிய பெற்றோல் கார்களில் இவ்வசதி உண்டு. பி0301 என்பது முதலாம் சிலிண்டரையும், பி0302 இரண்டாம் சிலிண்டரையும் குறிக்கும்.

2. இருளில், திறந்த வெளியில் எஞ்சினை இயக்கி, எதனையும் தொடாமல் வயர்களை நோக்குதல். நீலப் பொறி தெரிந்தால் அங்கே மின்சாரம் கசிகின்றது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இச்சோதனையின்போது அருகில் நிற்கலாகாது.

3. எஞ்சினை நிறுத்தி, நன்கு ஆறிய பின் பிளக்கைக் கழற்றுதல். வயர்களை ஒவ்வொன்றாக மட்டுமே கழற்ற வேண்டும்; வரிசை மாறினால் எஞ்சின் சரியாக இயங்காது. வயரைப் பற்றி இழுக்காமல் அதன் முனையுறையைப் பற்றி இழுக்க வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள அழுக்கை முன்னரே அகற்ற வேண்டும்.

4. பிளக்கின் நிறத்தைப் பார்த்தல். இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் நல்ல நிலை. உலர்ந்த கரி, பெற்றோல் மிகுதியையோ குறுகிய தூர ஓட்டத்தையோ காட்டும். எண்ணெய்ப் பசை, எஞ்சின் எண்ணெய் கசிவதைக் காட்டும். வெண்மையும் கொப்புளமும் அதிவெப்பத்தின் அடையாளம்.

5. ஐயத்திற்குரிய பிளக்கையோ கொயிலையோ வேறொரு சிலிண்டருக்கு மாற்றுதல். ஒரு தடவையில் ஒரு பாகத்தையே மாற்ற வேண்டும். குறியீடும் அச்சிலிண்டருக்கு மாறினால் அப்பாகமே பழுது. மாறாவிடில் காரணம் வேறு.

பிளக்கை மீண்டும் பூட்டும்போது முதற் சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். கோணலாகப் பூட்டினால் எஞ்சினின் மரை அழியும். இறுதி இறுக்கமும் முனை இடைவெளியும் காரின் கைந்நூலில் உள்ளவாறே அமைய வேண்டும்.

திருத்தகத்தில் பயன்படும் சொற்கள்

டெனிஷ் மொழியில் ஸ்பார்க் பிளக் 'தென்ரோர்', வயர் 'தென்காபெல்', கொயில் 'தென்ஸ்போலெ' எனப்படும். பழுது ஈரத்தில் மட்டும் தோன்றுகின்றதா, எந்தச் சிலிண்டரில் என்பதைத் திருத்துநரிடம் கூறினால், தேடும் நேரமும் கூலியும் குறையும். வேலைக்கு முன் விலை மதிப்பீட்டை எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று.

'சூன்' எனப்படும் கட்டாய வாகனப் பரிசோதனை, தனியார் கார்களுக்கு முதற்பதிவின் 4 ஆண்டுகளின் பின்னும், அதன்பின் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் நடைபெறும். அங்கே புகையும் சோதிக்கப்படுவதால், திணறும் எஞ்சினை முன்னரே திருத்திக்கொள்வது மறுபரிசோதனைச் செலவைத் தவிர்க்கும்.

வீதியில் கார் நின்றுவிட்டால் எச்சரிக்கை முக்கோணத்தை வைத்து, வீதி உதவிச் சேவையை அழைக்க வேண்டும். உயிராபத்து இருந்தால் 112 இலக்கத்தை அழைக்க வேண்டும்.