கேட்பவரை முதலில் கட்டும் விதி



சட்ட வரைவு ஒன்றையோ கொள்கை முன்மொழிவு ஒன்றையோ இணையத்தில் வெளியிட்டு, அதைப் பற்றி மக்கள் கருதுவதைக் குறித்த நாளுக்குள் எழுதி அனுப்புமாறு அரசு அமைப்பு அழைப்பதே பொதுக் கருத்துக் கேட்பு எனப்படுகிறது. இன்று கல்லூரியில் பயிலும் பலருக்கு நாளை இத்தகைய கேட்பில் பங்கேற்கும் வாய்ப்போ, அதை நடத்தும் பொறுப்போ வரக்கூடும். விதி என்றதும் வசைச்சொல்லை நீக்குதல், பொருளுக்குப் புறம்பானதை ஒதுக்குதல் என்று பேசுவோரைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகளே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. அவை தேவையானவையே, ஆனால் கேட்பவரைக் கட்டும் விதிகள் முதலில் அமையாவிட்டால், பேசுவோருக்கான விதிகள் எவ்வளவு செம்மையாக எழுதப்பட்டிருந்தாலும் அந்தக் கேட்பு வெறும் சடங்காகவே முடியும்.

கேட்பவருக்குரிய கடமைகளில் முதன்மையானவை மூன்று: போதிய கால அவகாசம், புரியும் விளக்கம், மக்களின் மொழி. ஒன்றிய அரசு 2014-இல் வகுத்த சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை, ஒவ்வொரு சட்ட வரைவும் குறைந்தது 30 நாட்கள் பொதுவெளியில் இருக்க வேண்டும் என்றும், அதனுடன் எளிய நடையில் விளக்கக் குறிப்பு இணைக்கப்பட வேண்டும் என்றும், வந்த கருத்துகளின் சுருக்கம் துறையின் இணையதளத்தில் இடம்பெற வேண்டும் என்றும் கூறுகிறது. எனினும் இது சட்டமன்று, கொள்கை மட்டுமே; ஆதலால் இதைப் பின்பற்றாத துறையை எளிதில் நீதிமன்றத்துக்கு இழுக்க இயலாது. மொழியின் இன்றியமையாமையை 2020-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை உணர்த்தியது. அணை, சுரங்கம், தொழிற்சாலை ஆகியவற்றுக்கு அனுமதி வழங்கும் முறையையே மாற்ற முற்பட்ட அந்த வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளிவந்தது. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்குமாறு டெல்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. தன் நிலத்தையும் நீரையும் பாதிக்கும் ஆவணத்தைப் படிக்க முடியாத உழவரிடமோ மீனவரிடமோ கருத்துக் கேட்பது கேட்பதாகாது என்பதே இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம்.

கேட்பு முறை இந்தியாவில் ஓரளவு வேரூன்றிய இடம் டிராய் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். தன் பணிகளில் வெளிப்படைத்தன்மையைப் பேணுமாறு 1997-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் கட்டளையிடுகிறது. ஆணையம் முதலில் எண்ணிட்ட வினாக்களுடன் கலந்தாய்வு அறிக்கையை வெளியிடும். அதற்குக் கருத்துகள் வரும். அக்கருத்துகளை எவரும் படித்து மறுப்புரை அனுப்பத் தனிக் காலம் ஒதுக்கப்படும். பின்னர் நேரடிக் கூட்டமும் நடத்தப்படும். மறுப்புரைக்கென ஒதுக்கப்படும் அந்தக் காலமே இம்முறையின் சிறப்பு. ஏனெனில், பெரிய நிறுவனம் ஆணையத்திடம் என்ன சொன்னது என்பதை எளிய பயனரும் அறிந்து மறுமொழி கூற அது வழி செய்கிறது.

இம்முறைக்குப் பெருஞ்சோதனை 2015 மார்ச் 27 அன்று வெளியான அறிக்கையால் வந்தது. இணையத்தில் எல்லாத் தரவும் பாகுபாடின்றிச் செல்ல வேண்டும் என்னும் இணையச் சமநிலைக் கோட்பாடு அதில் கேள்விக்குள்ளானதால், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் ஆணையத்துக்குக் குவிந்தன. ஆணையம் அவற்றைத் தன் தளத்தில் வெளியிட்டபோது, அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்தே வெளியாயின; அச்செயல் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. கருத்தைப் பொதுவில் வைப்பது வேறு, கருத்துரைத்தவரின் தொடர்பு விவரத்தைப் பொதுவில் வைப்பது வேறு; எது வெளியாகும், எது மறைக்கப்படும், தரவு எவ்வளவு காலம் காக்கப்படும் என்பவற்றை முதல் கருத்து வருவதற்கு முன்பே அறிவிப்பது கேட்பவரின் கடமை என்பதை அந்நிகழ்வு தெளிவாக்கியது.

அதே ஆண்டு டிசம்பரில், ஒருசில தளங்களை மட்டும் இலவசமாக வழங்கும் பாகுபாட்டுக் கட்டணம் குறித்து ஆணையம் நான்கு வினாக்களை எழுப்பியது. பேஸ்புக் தன் பயனர்கள் வழியாக, அத்தகைய இலவசச் சேவையை ஆதரித்து முன்கூட்டியே எழுதப்பட்ட ஒரே வாசகம் கொண்ட கடிதங்களைப் பெருமளவில் அனுப்பச் செய்தது. அவை கேட்ட வினாக்களுக்கு விடையளிக்கவில்லை என்று ஆணையம் சுட்டிக்காட்டியது. மொத்தம் சுமார் 24 லட்சம் கருத்துகள் வந்த பின்னர், 2016 பிப்ரவரி 8 அன்று அத்தகைய கட்டணங்களைத் தடைசெய்யும் ஒழுங்குமுறை, அதற்கான காரணங்களை விரித்துரைக்கும் விளக்கக் குறிப்புடன் வெளியானது. கருத்துக் கேட்பு வாக்கெடுப்பு அன்று என்பதை இங்கு மனத்தில் கொள்க. ஒரே வாசகத்தை லட்சம் பேர் அனுப்பினால், மக்களிடையே அக்கறை இருக்கிறது என்பதற்கு அது சான்றாகலாம். ஆயினும் வாதம் ஒன்றே. அவ்வாதத்தை ஒருமுறை முழுமையாக ஆராய்வதும், அதை எத்தனை பேர் அனுப்பினர் என்பதைத் தனியே பதிவு செய்வதும் நேர்மையான வழி. அவற்றைக் குப்பையென ஒதுக்குவதும், எண்ணிக்கை கண்டு மலைத்துப் பணிவதும் ஒரே அளவில் தவறு.

எண்ணிக்கையை நம்புவதன் ஆபத்தை அமெரிக்க அனுபவம் இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. இணையச் சமநிலை குறித்து அந்நாட்டின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2017-இல் பெற்ற ஏறத்தாழ 2.2 கோடி கருத்துகளில் சுமார் 1.8 கோடி போலியானவை என்று நியூயார்க் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியின் அலுவலகம் 2021-இல் அறிவித்தது. அகன்ற அலைவரிசை நிறுவனங்களின் நிதியில் நடந்த பரப்புரை, உண்மையான மனிதர்களின் பெயர்களை அவர்கள் அறியாமலே பயன்படுத்தியிருந்தது. இதற்கு மருந்தாக எல்லோரும் பெயரையும் முகவரியையும் வெளிப்படையாகத் தர வேண்டும் என்று விதித்தால், தன் முதலாளிக்கு எதிராகவோ ஊர்ப் பெரியவர்களுக்கு எதிராகவோ பேச வேண்டிய எளியவர் வாய் மூடிவிடுவார். ஆகவே அடையாளத்தைக் கேட்பவர் தனியே சரிபார்த்துவிட்டு, பொதுவெளியில் புனைபெயரை அனுமதிப்பதே இரண்டு தீமைகளையும் தவிர்க்கும் நடுவழியாகும்.

இத்தனைக்கும் பின்னரே பேசுவோருக்கான நெறிப்படுத்தல் வருகிறது. அதாவது, எந்தக் கருத்து நிற்கலாம், எது நீக்கப்படலாம் என்று தீர்மானிக்கும் பணி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்த ஷ்ரேயா சிங்கால் வழக்கின் தீர்ப்பில், விவாதம், ஆதரித்து வாதிடுதல், தூண்டுதல் ஆகிய மூன்றையும் உச்ச நீதிமன்றம் வேறுபடுத்தியது. முதல் இரண்டும் எவ்வளவு கசப்பானவையாயினும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்றும், தூண்டுதல் என்னும் எல்லையை எட்டும்போதே கட்டுப்பாட்டுக்கு இடமுண்டு என்றும் அது விளக்கியது. அரசு நடத்தும் கேட்புக்கும் இதுவே நல்ல அளவுகோல். திட்டத்தைக் கடுமையாக எதிர்க்கும் சொல்லை நீக்கக்கூடாது. தனியொருவரை மிரட்டும் சொல்லையும், சாதியையோ பாலினத்தையோ குறிவைத்து இழிவுபடுத்தும் சொல்லையும், பிறரின் தொலைபேசி எண் போன்ற விவரங்களையும் நீக்கியே ஆக வேண்டும். நீக்கும்போது எந்த விதியின்படி நீக்கப்பட்டது என்பதை உரியவருக்கு அறிவிப்பதும், மேல்முறையீட்டை வேறொருவர் விசாரிப்பதும், வரைவை எழுதிய அதிகாரியிடமே நீக்கும் அதிகாரத்தைத் தராதிருப்பதும் கட்டாயமாக வேண்டும்.

சில வேளைகளில், நீக்க வேண்டிய தேவையே எழாதவாறு களத்தை வடிவமைக்கவும் முடியும். தைவானில் 2015-இல் உபர் வாடகை வாகனச் சேவை பற்றிய கேட்பில் பயன்படுத்தப்பட்ட மென்பொருளில், ஒருவர் சிறு கூற்று ஒன்றை எழுதலாம். மற்றவர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது கடந்து செல்லலாம். நேரடியாகப் பதில் எழுத மட்டும் வழியில்லை. சண்டையிட இடமில்லாததால், எதிரெதிர் அணியினரும் பயணிகளுக்கான காப்பீடு போன்ற பொது உடன்பாடுகளைக் கண்டறிந்தனர். ஆயினும் அத்தகைய கேட்புகளின் முடிவை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கு இல்லாததால், காலப்போக்கில் அம்முயற்சியின் வேகம் தளர்ந்தது.

அந்தத் தளர்ச்சியே கேட்பவரின் இறுதிக் கடமையை நினைவூட்டுகிறது: பதில் சொல்லுதல். டிராய் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல், விதிகள் இயற்றும் அமைப்புகள் மக்களின் கருத்தைப் பெற்று ஆராய்ந்து காரணங்களுடன் முடிவை வெளியிடும் நடைமுறையைச் சட்டமாக்க நாடாளுமன்றம் முன்வரலாம் என்று பரிந்துரைத்தது. ஏற்றுக்கொண்ட கருத்து எது, மறுத்த கருத்து எது, மறுத்ததற்குக் காரணம் என்ன என்பவற்றைக் கேட்பவர் எழுத்தில் தந்தால், தோற்றவரும் தம் சொல் படிக்கப்பட்டது என்று நம்பி அடுத்த முறையும் எழுத முன்வருவார். ஆதலால் நாளை ஒரு கருத்துக் கேட்பை நடத்தும் பொறுப்பு வாய்க்குமானால், பேசுவோருக்கான நிபந்தனைகளை எழுதுவதற்கு முன் பதிலளிக்கும் நாளையும் பதிலளிக்கும் முறையையும் எழுதி அறிவிக்க. பங்கேற்கும் வாய்ப்பு மட்டுமே கிட்டுமானால், கருத்தைக் காரணத்துடன் எழுதி அனுப்பி, அதற்குரிய பதிலை உரிமையுடன் கேட்டுப் பெறுக.