கறவை மாடுகளின் கருப்பையில் இரத்தக் குழாய்க் கட்டிகள்

பசு அல்லது கிடேரியின் பிறப்புறுப்பில் இரத்தம் கண்டவுடன், "கருப்பையில் கட்டி, இனி சினை பிடிக்காது" என்று முடிவு கட்டி மாட்டை அடிமாட்டுக்கு விற்றுவிடுவோர் உண்டு. உண்மையில் கட்டியால் இரத்தம் வருவது மிக அரிது. இதனை அறிந்து கொண்டால் நல்ல மாடுகளை இழக்காமல் காக்கலாம்.

இயற்கையான இரத்தக் கசிவு

பசுவுக்குச் சராசரியாக 21 நாட்களுக்கு ஒரு முறை சினைப்பருவம் வருகிறது. பருவம் முடிந்த 1 முதல் 3 நாட்களுக்குள் சளியுடன் கலந்து சிறிதளவு இரத்தம் வடியலாம். பருவத்தின்போது கருப்பையின் உட்சுவரில் இரத்தம் மிகுந்து, பின்னர் நுண்ணிய குழாய்கள் கசிவதே இதற்குக் காரணம். இது கிடேரிகளில் அதிகமாகக் காணப்படும். சினை ஊசி பலித்தது என்பதற்கோ, பலிக்கவில்லை என்பதற்கோ இது அடையாளமன்று. மருந்தும் தேவையில்லை. ஊசி போடாத மாடாயின், அந்தப் பருவம் கடந்துவிட்டது என அறிந்து, 18 முதல் 20 நாட்கள் கழித்து அடுத்த பருவத்தை எதிர்பார்க்க வேண்டும்.

கன்று ஈன்ற பின் சுமார் இரண்டு வாரம் வரை செம்பழுப்பு நிறக் கழிவு வருவதும் இயற்கையே. துர்நாற்றம் வீசினால் அது நோய்க்கு அறிகுறி.

கட்டி என்று மயங்கும் குமிழ்கள்

பசுவின் கருப்பை உட்சுவரில் நஞ்சுக்கொடி ஒட்டுவதற்கென 70 முதல் 120 வரை குமிழ்கள் நான்கு வரிசைகளில் அமைந்துள்ளன. சினைக் காலத்தில் இவை பெருக்கும். இரத்த ஓட்டமும் மிகும். ஈன்றபின் அடி தள்ளும்போது செந்நிறக் கட்டிகள் போல் தெரிபவை இவையே. இவற்றைப் பிய்த்தால் இரத்தம் பீறிட்டு மாடு இறக்க நேரிடும். வெளிவந்த கருப்பையைச் சுத்தமான நீரால் கழுவி, ஈரத் துணியில் தாங்கிப் பிடித்து, உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

உண்மையான கட்டி

இரத்தக் குழாய்களின் உட்படலச் செல்கள் அளவு மீறிப் பெருகினால் 'ஹெமாஞ்சியோமா' என்னும் கட்டி தோன்றும். இது புற்றுநோயன்று, பிற உறுப்புகளுக்குப் பரவாது. ஆயினும் அடிக்கடி இரத்தம் கசிந்து சோகை உண்டாகலாம். கருப்பையில் இடத்தை அடைத்துச் சினை பிடிப்பதையும் தடுக்கலாம். மாட்டுக் கருப்பையில் இது மிக அரிது.

மருத்துவர் மலக்குடல் வழியாகக் கையால் தொட்டும், ஸ்கேன் கருவி கொண்டும் கட்டியைக் கண்டறிவார். எவ்வகைக் கட்டி என உறுதி செய்ய, அதன் துண்டை நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். துண்டு எடுக்கும்போதே இரத்தம் பெருகக் கூடுமாதலால், இதைத் தக்க முன்னேற்பாட்டுடன் மருத்துவரே செய்ய வேண்டும்.

எப்போது மருத்துவரை அழைப்பது?

1. பருவம் முடிந்து 3 நாட்களுக்குப் பின்னும் இரத்தம் வந்தால்.
2. பருவத்தோடு தொடர்பின்றி அடிக்கடி வந்தால்.
3. சினை மாட்டில் ஒரு துளி கண்டாலும்.
4. இரத்தம் கட்டி கட்டியாகவோ, ஏராளமாகவோ வந்தால்.
5. கண் இமையின் உட்புறம் வெளுத்து, மாடு சோர்ந்து காணப்பட்டால்.

செய்யத் தகாதவை

கையையோ குச்சியையோ உள்ளே விடாதீர்கள், பச்சிலை திணிக்காதீர்கள். கருச்சிதைவு நேர்ந்திருப்பின் கழிவை வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் மூலம் புருசெல்லோசிஸ் மனிதருக்கும் தொற்றக்கூடும்.

பருவம் வந்த நாள், ஊசி போட்ட நாள், இரத்தம் கண்ட நாள் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது. இயற்கையான கசிவா, நோயா என்பதை மருத்துவர் பிரித்தறிய இந்த மூன்று தேதிகளும் பெரிதும் உதவும். மாட்டை விற்பதா, வைத்துக் கொள்வதா என்பதை அதன் பின்னரே முடிவு செய்க.