பனிச்சறுக்குப் பந்தயமும் பலத்த காற்றும்

கரமனைப் பாலத்தில் எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்போர் காற்றின் தடையை நன்கு உணர்வர். பனிமலைச் சரிவில் விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் சறுக்கி இறங்கும் வீரருக்கும் இத்தடை உண்டு. அது காற்றைச் சார்ந்த வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. ஆகவே விநாடிக்கு 5 மீட்டர் எதிர்காற்று தடையைச் சுமார் 36 சதவிகிதம் கூட்டும். அதே அளவு பின்காற்று சுமார் 30 சதவிகிதம் குறைக்கும்.

வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக இறங்குகின்றனர். வெற்றியோ விநாடியின் நூற்றில் ஒரு பங்கிலும் முடிவாகக்கூடும். இடையில் காற்று மாறினால் பந்தயம் நேர்மையிழக்கும். மேட்டில் தாவி அந்தரத்தில் செல்பவரைத் திடீர்க் காற்று நிலைகுலைத்தால் உயிருக்கே ஆபத்து. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஆடவர் டவுன்ஹில் பந்தயம் காற்றினால் பிப்ரவரி 6-லிருந்து 7-ஆம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது.

எனவே காற்றை அளப்போர் சராசரி வேகத்துடன் திடீர் வீச்சுக்களையும் குறித்தல் வேண்டும்.