கண்டதும் கருதியதும்

ஆங்கிலத்தில் விஞ்ஞானக் குறிப்பெழுதும் மாணவன் முதலிற் பிரித்தறிய வேண்டுவன இரண்டு: கண்டது, கருதியது. பொரளையின் ஈரக்காற்றிலே பனிக்கட்டிநீர் நிறைந்த கண்ணாடிக் குவளையொன்றை வைப்போம். புறத்தே துளிகள் அரும்பும். ‘நீர் கசிந்தது’ என்பது கருத்து. ‘துளிகள் தோன்றின’ என்பதே காட்சி. உள்நீரிற் சாயமிட்டாலும் புறத்துளிகள் நிறமற்றே இருக்கும். ஆகவே அவை காற்றிலுள்ள நீராவி ஒடுங்கியமையால் உண்டானவை. கண்டதை இறந்தகாலத்திலும், என்றுமுள்ள நியதியை நிகழ்காலத்திலும் எழுதுதல் ஆங்கில மரபு.

மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த கிறீன் வைத்தியரின் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இல் தமிழில் வெளிவந்தது. தாய்மொழியில் விளங்கியதை ஆங்கிலத்தில் எழுதுவோன் தடுமாறான். விளங்காது மனனஞ் செய்தவனோ வினா சிறிது மாறினும் திகைப்பான். இஃது எமது வகுப்பறை அநுபவம்.